குளித்த தண்ணீரில் குளித்த கார்

குளித்த தண்ணீரைக் கீழே விடாத வீட்டில் வளர்ந்தவள் நான். இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். நீங்கள் சுளிக்க மாட்டீர்கள். என் வயதுக்காரர்கள் நீங்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்த அந்த வருஷம் நீங்களும் எங்கேயோ ஒரு குழாயடியில் குடத்தோடு நின்றிருப்பீர்கள். அப்போது எந்தத் தண்ணீரில் எதைக் கழுவினோம் என்று நாம் யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் நானும் தம்பியும் குளித்த தண்ணீரில்தான் கார் குளித்தது.

வீடு பெரம்பலூரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நாலு தெரு தள்ளி. அப்பா வாடகைக் கார் ஓட்டினார். கறுப்பு அம்பாசிடர், சொந்த வண்டி. பின்சீட்டில் சாய்ந்து மூச்சை இழுத்தால் முதலில் பெட்ரோல், அப்புறம் ரெக்ஸின், அப்புறம் யாரோ உதிர்த்துப்போன மல்லிகை, கடைசியாக யாரோ எடுத்த வாந்தியும் அதன்மேல் அப்பா தெளித்த பன்னீரும் வரும். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. பஸ் இல்லாத நேரத்து அவசரத்துக்கெல்லாம் அப்பாதான். பிள்ளைத்தாய்ச்சிகள், கல்யாணப் பெண்கள், திருச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போய் உயிரில்லாமல் திரும்பியவர்கள் எல்லாருக்கும் அதே சீட்டு.

அதனால்தான் எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு வண்டி கூப்பிட வருகிறவர்கள் முதலில் ஒன்று கேட்பார்கள்.

"நேத்து வண்டி எங்கிட்டு போயிட்டு வந்துச்சு?"

சாவு வீட்டுக்குப் போய்வந்த வண்டியைக் கழுவாமல் நல்ல காரியத்துக்கு எடுக்கக்கூடாது. பொய் சொல்லவும் முடியாது. ரோட்டில் மாலை சிதறிக்கொண்டு போன வண்டியை ஊரே பார்த்திருக்கும். அப்பா சிரித்துக்கொண்டே, "தலைக்கு ஊத்திக் கூட்டியாந்துருக்கேங்க, மோந்து பாருங்க" என்பார். வண்டியை மனுஷனைப் போலச் சொல்வது அவர் பழக்கம். வண்டி பசிக்குது என்பார், வண்டிக்கு இன்னிக்கு மனசு சரியில்ல என்பார். டயர் பஞ்சரானால், "கால்ல முள்ளு ஏறிப்போச்சு கண்ணு" என்று என்னிடம் வருத்தமாகச் சொல்வார்.

புழுதி வேறு. அரியலூர்ப் பக்கம் போய்வந்தால் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய வெள்ளைத் தூசி, வடக்கே போய்வந்தால் காய்ந்த கரிசலின் சாம்பல் புழுதி. கறுப்பு வண்டியில் இரண்டும் பளிச்சென்று தெரியும். தினம் துடைத்தாக வேண்டும்.

மழை பொய்த்ததும் பஞ்சாயத்து ஆபீஸ் வண்டி மைக் கட்டிக்கொண்டு வந்தது. மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தெருக்குழாயில் தண்ணீர். வீட்டுக்கு இரண்டு நடையாக நாலு குடம். குழாய்த் தண்ணீரில் மாடு, வண்டி, வாகனம் எதையும் கழுவக்கூடாது. மைக்கில் சொன்னவருக்கே தொண்டை கட்டியிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே அப்பா கொல்லையில் கடப்பாரையை எடுத்தார். நாங்கள் நின்று குளிக்கும் கல்லைப் பெயர்த்துச் சரிவாகப் பதித்தார். சரிவின் முடிவில் அரை பேரல் ஒன்றைப் புதைத்தார். அதன் வாயில் தன் பழைய வேட்டியை நாலு மடிப்பாகக் கட்டினார். குளிக்கிற தண்ணீர் கல்லில் ஓடி, வேட்டியில் வடிந்து, பேரலில் தங்கும். காலையில் அழுக்கு அடியில் படிந்திருக்கும். மேலாக மொண்டால் அரை வாளி தேறும். கூரையில் தொடங்கிக் கீழே கீழே வந்து, கடைசிக் கலங்கலில் சக்கரத்தைக் கழுவி, கண்ணாடியைப் பழைய நியூஸ்பேப்பரால் தேய்த்தால் முடிந்தது.

ஆனால் எங்கள் பாடு திண்டாட்டம். சோப்புத் தண்ணீர் காய்ந்தால் வண்டியில் கோடு விழும். ஆகவே மறுநாள் கல்யாணச் சவாரி என்றால் எங்களுக்குச் சோப்பு கிடையாது. சீயக்காய் அடியோடு கிடையாது. தலையில் எண்ணெய் வைத்திருந்தால் தலைக்கு ஊற்றக்கூடாது. "நாளைக்கு ஆஸ்பத்திரி சவாரிதான், நல்லா நுரை போட்டுக் குளிங்க" என்று அப்பா சொல்லும் நாள் எங்களுக்குப் பண்டிகை மாதிரி. தம்பிக்கு அப்போது ஆறு வயது. அவன் கல்லில் நின்றுகொண்டு கத்துவான்: "நான் குளிச்சது பானெட்டுக்கு! அக்கா குளிச்சது டிக்கிக்கு!" இதற்காக நாங்கள் அடித்துக்கொண்டிருக்கிறோம். உண்மையாகவே நகத்தால் பிராண்டிக்கொண்டு.

"யாருகிட்டயும் சொல்லக்கூடாது" என்று அம்மா சொல்லியிருந்தாள். ஏன் என்று சொல்லவில்லை. எனக்கே வெளியில் சொல்ல வெட்கமாக இருந்ததால் நானும் கேட்கவில்லை.

*

குழாயடிக்கு ஒரு தலைவி இருந்தாள். அவளைத் தெருவில் எல்லாரும் பட்டாளத்து அத்தை என்போம். அத்தையின் புருஷன் வடக்கே எங்கேயோ ராணுவத்தில் இருந்தார். இங்கே அத்தையே ஒரு ராணுவம். தெரு முனையிலிருந்து வீட்டு வரிசைப்படி குடத்துக்கு இடம் கொடுத்து வைத்திருந்தாள். எங்கள் வீடு பதினொன்று. முந்தினால் குடத்தை எடுத்துக் கடைசியில் வைத்துவிடுவாள். "எம்புருசனே லீவுல வந்தாலும் குடத்தோட வந்து கடைசில நிக்கட்டும்" என்பாள். அத்தை இருந்ததால்தான் எங்கள் தெருவில் மண்டை உடையவில்லை. பக்கத்துத் தெருவில் உடைந்தது.

அத்தைக்கு ஒரே பெண். நாங்கள் அக்கா என்போம். அவளுக்கு ஜெயங்கொண்டம் பக்கம், கங்கைகொண்ட சோழபுரம் தாண்டி முந்திரிக்காட்டுக்காரர்கள் வீட்டில் மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தார்கள். கல்யாணம் மாப்பிள்ளை ஊரில். பெண்ணைக் கூட்டிப்போக அப்பாவின் வண்டிக்கு வெற்றிலை பாக்கு வைத்து ஆறு வாரம் முன்பே சொல்லிவிட்டாள் அத்தை. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவர் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கதவைத் திறந்து மோந்தும் பார்த்தார்.

"எங்க பக்கத்துல சுத்த பத்தம் ரொம்ப பாப்போம்."

"பாக்கணுமுங்க. பாத்தாத்தான் எங்களுக்கும் மரியாதை" என்றார் அப்பா.

இந்த இடத்தில்தான் நான் காரியத்தைக் கெடுத்தேன். பள்ளிக்கூடத்தில் எதிர்வீட்டுப் பெண் என் பாவாடை அழுக்கு என்று சொல்லிவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில், "போடி, நீ வாரத்துக்கு ரெண்டு தடவதான் குளிக்கிற. எங்க காரே தெனமும் குளிக்குது" என்றேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனாள். நான் ஜெயித்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன்.

அடுத்த தண்ணீர் நாள். அம்மா குடங்களைப் பதினொன்றாம் இடத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அத்தை வந்து குனிந்து இரண்டு குடத்தையும் தூக்கி வரிசைக்கு வெளியே வைத்தாள்.

"எடுத்துட்டுப் போ."

"என்ன அண்ணி?"

"ஒங்க காரு தெனமும் குளிக்குதாமே. ஒம் பொண்ணு வாயால சொல்லியிருக்கு. தெருவே நாக்கு வறண்டு நிக்குது, ஒனக்குக் காரு குளிக்கணுமா?"

வரிசையில் ஒருத்தி, "அதான பாத்தேன். ஊர்ல இருக்குற வண்டியெல்லாம் சேத்துல பொரண்ட எருமையாட்டம் நிக்குது, இவுங்க வண்டி மட்டும் புதுமாப்ள கணக்கா மினுக்குது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

குழாய் திறக்க வரும் பஞ்சாயத்து ஆள், நீளச் சாவியை ஊன்றிக்கொண்டு நின்றவர், "என்னைய இழுக்காதீங்க. நான் சாவியத் திருப்புறவன். தண்ணி எங்க போவுதுன்னு தண்ணியத்தான் கேக்கணும்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. அப்புறம் அத்தையைப் பார்த்தாள். அவள் உதடு திறந்ததை நான் கண்டேன். சொல்லிவிடப் போகிறாள், இப்போது சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். உதடு மூடிக்கொண்டது. குடங்களைக் கவிழ்த்து இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாக எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

"பாரு, ஒரு பதில் இருக்கா? திருட்டு முழி முழிச்சிட்டுப் போறத" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

வீட்டுக்குள் வந்ததும் நான்தான் அழுதேன். "நாங்க குளிச்ச தண்ணின்னு சொல்ல வேண்டியதுதானம்மா?"

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. பக்கத்தில் உட்காரவைத்து மெதுவாகச் சொன்னாள்.

"சொல்லிடலாம் பாப்பா. சொன்னா எனக்கு நாலு குடம் தண்ணி கெடைக்கும். ஆனா நாலு பேரு குளிச்ச அழுக்குத் தண்ணியில கழுவுன வண்டின்னு தெரிஞ்சா, எவன் வூட்டுப் பொண்ண அதுல ஏத்துவான்? அந்த முந்திரிக்காட்டு மாமன் வண்டியத் தொடுவானா? அப்பாவுக்கு அப்புறம் சாவு சவாரிதான் மிஞ்சும்."

"அப்ப அப்பாகிட்ட சொல்லு."

"சொன்னா அந்த மனுசன் குழாயடிக்கே போயி, நான்தான் அப்படிக் கழுவுறேன்னு கத்திட்டு வந்துரும். ஒங்கப்பாவுக்கு மறைக்கத் தெரியுமா? வாய மூடிக்கிட்டு இரு."

பத்து வயதில் எனக்கு அம்மா கோழையாகத்தான் தெரிந்தாள். கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா, நாக்கு இல்லையா என்று மனசுக்குள் திட்டினேன்.

*

துறையூர் ரோட்டில் ஒரு சோளக்காட்டுக் கிணறு இருந்தது. போக ஒரு மைல், வர ஒரு மைல். உப்புத் தண்ணீர் என்று யாரும் சீந்தாத கிணறு. அம்மா அங்கே போகத் தொடங்கினாள். குடிக்க மட்டும் பள்ளிக்கூடத்துக் குழாயிலிருந்து நான் தூக்குச்சட்டியில் கொண்டுவருவேன். சமையலும் குளியலும் உப்புத் தண்ணீர்தான்.

அப்பா விடியுமுன் ஸ்டாண்டுக்குப் போய் இருட்டி வருகிறவர். குழாயடிச் சண்டை ஆண்கள் காதுக்குப் போகாது. அத்தைக்கு அதிலும் ஒரு சட்டம் உண்டு. குழாயடி விஷயம் குழாயடியோடு. ஆக அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பருப்பு வேகவில்லை என்பதுதான்.

உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, நமக்குத் தெரியும். கல்லுக்கல்லாக நிற்கும். அப்பா தட்டில் பருப்பை நசுக்கிப் பார்த்து, "இது எந்தக் குவாரியில வாங்குன பருப்பு புள்ள? அரியலூர் லாரிக்காரன் எவனாச்சும் எறக்கிட்டுப் போனானா?" என்பார். அம்மா, "புதுப் பருப்புங்க, அப்படித்தான் இருக்கும்" என்பாள். மறுநாள், "இன்னிக்கும் குவாரியா?" அதற்கு மறுநாள், "எனக்கு ஒரு சுத்தியல் எடுத்துட்டு வா பாப்பா." நாங்கள் சிரிப்போம். அம்மாவும் சிரிப்பாள். அவள் உள்ளங்கையில் குடத்து விளிம்பு அழுத்திய சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நான் சிரித்திருக்கிறேன்.

வண்டியிலும் மாற்றம் வந்தது. கழுவிக் காய்ந்தால் கறுப்பில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. அப்பா அதை விரலால் தேய்த்து நக்கிப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் கையக் காட்டுங்க. ஒடம்புலருந்து இவ்ளோ உப்பு எப்படிடா எறங்குது? பள்ளிக்கூடத்துல கருவாடு கணக்கா காயப்போடுறாங்களா?"

வேகாத பருப்பும் உப்புத் திட்டும் ஒரே வீட்டில், ஒரே மாதத்தில். இரண்டையும் கூட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அவ்வளவு கெட்டிக்காரர், இஞ்சின் சத்தத்தை வைத்தே எந்தப் பிளக் அழுக்கு என்று சொல்லிவிடுகிறவர். அம்மா சொன்னால் அது அப்படித்தான் இருக்கும் என்று நம்பினார். அன்புக்கு அப்படி ஒரு கண்மூடித்தனம் உண்டு. இப்போது நினைத்தால் அவர்மேல் கோபம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிடுகிறது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் அம்மா சோளக்காட்டு வரப்பில் வழுக்கி விழுந்தாள். ஒரு குடம் நசுங்கிப்போனது. கணுக்கால் கொய்யாப்பழம் போல வீங்கிவிட்டது. "படியில சறுக்கிட்டேன்" என்று அப்பாவிடம் சொன்னாள். எங்கள் வீட்டுக்கு இருந்ததே ஒரு படிதான். அதையும் அவர் நம்பினார். மறுநாள் காலை அம்மா காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, நசுங்காத குடத்தை எடுத்துக்கொண்டு நொண்டியபடி கிளம்பினாள்.

நான் பள்ளிக்கூடம் போகவில்லை. நேராக அத்தை வீட்டுக்குப் போனேன்.

அத்தை சீர் முறுக்குக்கு அடுப்பில் பெரிய வாணலியை ஏற்றியிருந்தாள். வியர்வையில் ஜாக்கெட் ஒட்டிக்கிடந்தது. வாசலிலேயே நின்றுகொண்டு ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். குளிக்கிற கல், பேரல், வேட்டி, சோப்பில்லாத குளியல், உப்புக் கிணறு, அம்மாவின் கால், எல்லாம். கடைசியாக, "நான் பொய் சொல்லல அத்த. காரு தெனமும் குளிச்சுது. நாங்க குளிச்ச தண்ணியில" என்றேன்.

அத்தை முறுக்கு அச்சைக் கீழே வைத்தாள். வாணலியில் கிடந்த முறுக்கு தீய்கிற வாசனை வந்தது. அவள் எடுக்கவில்லை.

"எம்பொண்ணு போற வண்டியா?"

நான் தலையை ஆட்டினேன்.

"வேற யாருகிட்ட சொன்ன?"

"யாருகிட்டயும் இல்ல அத்த."

"சொல்லாத. வூட்டுக்குப் போ."

வழக்கமாக யார் பிள்ளை வந்தாலும் கையில் ஏதாவது திணிக்காமல் அனுப்ப மாட்டாள். அன்றைக்கு ஒரு முறுக்குத் துண்டுகூடக் கொடுக்கவில்லை. திரும்பி வரும்போதுதான் எனக்குப் புரிந்தது, அம்மா ஒரு மாதமாகக் கட்டிக்காத்ததை நான் அரை நிமிஷத்தில் உடைத்துவிட்டேன் என்று. அத்தை வேறு கார் பிடிப்பாள். ஏன் மாற்றினாய் என்று மாமன் கேட்பார். அத்தைக்கு மறைக்க என்ன இருக்கிறது? சொல்லிவிடுவாள். ஜெயங்கொண்டம் வரைக்கும் தெரிந்துவிடும். அன்றைக்குப் பிறகு வீட்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பேன். யாரும் வரவில்லை. தண்ணீர் நாளில் அத்தை வீட்டில் கல்யாண வேலை என்று அவள் குழாயடிக்கும் வரவில்லையாம். அம்மா கிணற்றுக்குத்தான் போனாள்.

*

கல்யாணத்துக்குப் பெண் கிளம்பும் நாளுக்கு முந்தினநாள் அப்பாவுக்கு ரஞ்சன்குடிக்குச் சாவுச் சவாரி அமைந்தது. மறுக்கமுடியாத இடம். சாயங்காலம் வண்டி சம்பங்கி இதழும் புழுதியுமாக வந்து நின்றது. மறுநாள் விடியும்போது அப்பா பேரலைத் திறந்து ஒரு விரல் நனைத்து நக்கிப் பார்த்தார்.

"இதுல கழுவுனா கறுப்பு வண்டி வெள்ளெருமையாத்தான் நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் பேரல் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் சொல்லிச் சிரிக்காத முதல் வேடிக்கை அது.

அப்போதுதான் கொல்லைப்படல் திறந்தது. இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடமாகப் பட்டாளத்து அத்தை. பின்னால் இன்னொரு குடத்தோடு கல்யாணப் பெண்; கையில் மருதாணி, முகத்தில் பாதித் தூக்கம்.

"தம்பி, நீ வாசப்பக்கம் போ" என்றாள் அத்தை அப்பாவிடம். "எங்க வூட்டுல சொந்தக்காரக் கூட்டம். பொண்ணு குளிக்க எடமில்ல. இங்க குளிக்கட்டும்."

அப்பா முழித்தார். "இங்கயா அக்கா? இந்தக் கல்லுலயா?"

"அந்தக் கல்லுலதான். எனக்கு எல்லாம் தெரியும், போ. ஏ பாப்பா, ஒங்கம்மாவக் கூப்டு."

அம்மா நொண்டிக்கொண்டு வந்தாள். பேரலையும் அத்தையையும் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. நான் துணிக்கொடிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அத்தை பேரலில் இருந்த உப்புத் தண்ணீரைச் சட்டியால் இறைத்து முருங்கை மரத்துக்கு ஊற்றினாள். வேட்டியை அவிழ்த்து, உதறி, மறுபடி கட்டினாள். இரண்டு புடவையைக் கொடியில் போட்டு மறைப்புக் கட்டினாள். பெண்ணைக் கல்லில் நிற்கவைத்து, அரைத்துக் கொண்டுவந்த மஞ்சளை அப்பினாள்.

புடவைக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் கேட்டது. "ஏம்மா, நல்லாத் தேச்சுக்கவா, லேசாத் தேச்சுக்கவா? காருக்கு எது நல்லது?"

"வாய மூடிக்கிட்டுக் குளிடி. எண்ண வெக்காத, அது ஆவாதாம்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். அடக்கமுடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது.

மூன்று குடத்துக் குழாய்த் தண்ணீர் மஞ்சளாகக் கல்லில் ஓடி வேட்டியில் இறங்கியது. அத்தை பேரலைக் காட்டி, "எம்பொண்ணு மஞ்ச தேச்சுக் குளிச்ச தண்ணி. இதுல கழுவுனா எந்த மாமன் என்ன கேக்குறான்னு நான் பாத்துக்கறேன்" என்றாள். பிறகு அம்மாவின் காலைக் குனிந்து பார்த்தாள். வீக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"ஏன் புள்ள, அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன?"

"சொல்லியிருந்தா நீங்க வேற கார் புடிச்சிருப்பீங்க அண்ணி."

அத்தை வீக்கத்திலிருந்து விரலை எடுத்தாள்.

"புடிச்சிருப்பேன்தான்" என்றாள்.

வேறு எதையும் சொல்லிப் பூசி மெழுகவில்லை. அந்த நேர்மைக்காகவே எனக்கு இன்றைக்கும் அத்தையைப் பிடிக்கும். அவள் பொல்லாதவளாக இருந்ததில்லை. அவளுக்கு முன்னால் இருபத்தைந்து வீட்டுக் குடங்கள் இருந்தன. அவளுக்குத் தெரிந்த வரையில் ஒரு வீடு திருடியது.

அப்பா வாசல்பக்கம் போகவே இல்லை. சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அத்தையும் பெண்ணும் போன பிறகு வாளியை எடுக்க வந்தவர், எடுக்காமல் அம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எவ்ளோ நாளா?"

"ஒரு மாசம் இருக்கும்."

"அந்தச் சோளக்காட்டுக் கெணறா?"

அம்மா புடவையை இழுத்துக் கணுக்காலை மூடினாள்.

"குவாரி, குவாரின்னு சொல்லிக்கிட்டே இருந்தேனே புள்ள" என்றார் அப்பா. "சுத்தியல் வேற கேட்டேனே."

"அதுக்கென்ன இப்ப? நேரமாவுது, வண்டியக் கழுவுங்க."

அப்பா அன்றைக்கு வண்டியைக் கழுவிய மாதிரி அதற்கு முன்னும் பின்னும் கழுவி நான் பார்த்ததில்லை. கூரையிலிருந்து கையகலம் கையகலமாகத் துடைத்துக்கொண்டு வந்தார். கதவு இடுக்கிலெல்லாம் மெல்லிசாக மஞ்சள் தங்கிவிட்டது. நியூஸ்பேப்பரை நுனி மடித்து அதைக் கிளறி எடுத்தார். வெயில் ஏறியதும் கறுப்பு வண்டி குளித்துவிட்டு வந்த பெண்பிள்ளை மாதிரி மணத்தது. இரண்டு பக்கமும் வாழைக்கன்றைக் கட்டியபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஒருத்தி மூக்கைச் சுருக்கி, "என்னாங்க, வண்டியில மஞ்ச வாசன அடிக்குது?" என்றாள். "கல்யாண வண்டியில வேற என்ன அடிக்கும்?" என்றாள் அத்தை.

பெண்ணழைக்க வந்த அந்தத் தாய்மாமன் வண்டியைச் சுற்றி வந்தார். "நேத்து சாவுக்குப் போச்சுன்னாங்களே?"

"போச்சுங்க. இன்னிக்கு வெடியக்காலம் பொண்ணு குளிச்ச கையோட வண்டியையும் குளிப்பாட்டிட்டோமுங்க" என்றார் அப்பா.

மாமன் கதவைத் திறந்து மோந்து பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். உள்ளே உட்கார்ந்திருந்த அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். பெண் பிறந்தவீட்டைப் பிரிகிற துக்கத்தில் அழுகிறாள் என்று மாமனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

*

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் தண்ணீர் முறை வந்தது. அம்மா கிணற்றுக்குப் போகவா, குழாயடிக்குப் போகவா என்று தெரியாமல் குடத்தைக் கழுவிக் கழுவி வைத்துக்கொண்டிருந்தாள். அத்தை ஆள் அனுப்பவில்லை. அம்மா தானாகவே குடத்தை எடுத்தாள். நான் கூடவே போனேன்.

நாங்கள் போனபோது வரிசை பிடித்தாகிவிட்டது. பித்தளை, எவர்சில்வர், அப்போதுதான் வந்திருந்த பிளாஸ்டிக் என்று இடைவெளியில்லாமல் குடங்கள். அம்மா வெளியேற்றப்பட்ட அன்றே அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் ஓரிடம் முன்னால் வந்திருந்தார்கள்.  அம்மாவை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள்.

"அவ குடத்துக்கு எடம் விடுங்க" என்றாள் அத்தை.

"எதுக்கு அண்ணி? அன்னிக்கு நீங்கதான..."

"ஆமா, நான்தான். தப்பாச் சொல்லிட்டேன்."

"என்னா தப்பு? அப்ப அந்தக் காரு..."

"ஒனக்கு வெளக்கம் வேணுமா, தண்ணி வேணுமா?"

குழாய் திறப்பவர் சாவியைப் பள்ளத்தில் விட்டபடி, "சீக்கிரம் முடிவு பண்ணுங்க தாயே, எனக்கு இன்னும் ஆறு தெரு இருக்கு" என்றார்.

அத்தை தன் குடத்தை முதலிடத்திலிருந்து நகர்த்தினாள். "இந்தா புள்ள. இங்க வெய்யி. கால வெச்சிக்கிட்டு எவ்ளோ நேரம் நிப்ப?"

அம்மா அந்த முதலிடத்தைப் பார்த்தாள். எனக்கு ஆசையாக இருந்தது. அங்கே வைத்துவிடு, வைத்துவிடு என்று அவள் புடவையை இழுத்தேன்.

"வேணாம் அண்ணி. எங்க எடம் பதினொண்ணு" என்றாள் அம்மா.

 பதினொன்றாம் இடத்தில் இருந்தவள் முதலில் குனிந்தாள். அவளுடைய குடத்தைத் தூக்கிப் பின்னால் வைத்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவள் தூக்கினாள், அவளுக்குப் பின்னால் இருந்தவளும். கணீர் கணீரென்று ஒவ்வொரு குடமாகத் தெருமுனை வரைக்கும் பின்னால் நகர்ந்துகொண்டே போனது. நடுவில் ஒரு வீட்டுக் குடங்களின் அகலத்துக்கு மண் தெரிந்தது. அம்மா காலைத் தாங்கித் தாங்கி நடந்துபோய் அதில் குடத்தை வைத்தாள்.